பியூலா வீட்டு மீன்தொட்டி வழியாமல் இருந்த கதை

செண்பகா ஃபிளாட்ஸ் இரண்டாவது மாடிக்குக் குடிவந்த பியூலாவின் மீன்தொட்டியில் யாரும் ஊற்றாமலே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, காலையில் ஏறியது, மத்தியானம் ஏறியது, பார்க்கும்போதும் ஏறியது, பார்க்காதபோதும் ஏறியது, இதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது, ஏனென்றால் அது லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாத கோடை, போர் மோட்டாரைப் போட்டால் குழாயில் காற்றுதான் வரும், அப்படிப்பட்ட கோடையில் ஒரு வீட்டில் தண்ணீர் கூடுகிறதென்றால் இன்னொரு வீட்டில் குறைகிறது என்றுதான் அர்த்தம், அந்த இன்னொரு வீடு நம்முடையதாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்தார்கள்.

எங்கள் ஃபிளாட்ஸ் இருப்பது கொளத்தூரில், வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி. கிரகப்பிரவேசத்துக்கு மீன்தொட்டி வாங்கிக் கொடுக்கிற ஜனங்கள் நாங்கள். தங்கநிற மீன், பாம்பு மாதிரி மீன், வாலை விரித்தால் தாவணி மாதிரி இருக்கிற மீன் என்று எல்லாம் பார்த்தவர்கள். பியூலாவும் அவள் கணவன் எபனேசரும் டாடா ஏஸில் சாமான் இறக்கிய அன்று, கட்டிலுக்கு முன்னால், அடுப்புக்கு முன்னால், பழைய புடவைகளில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கி இறக்கியது ஒரு நாலடித் தொட்டியை. அதில் விட்டதோ இரண்டே இரண்டு ஜிலேபி மீன், மார்க்கெட்டில் கூறு போட்டு விற்கிற, குழம்பு வைக்கிற, சாம்பல்நிற ஜிலேபி.

"இன்னா சார், வளத்து அறுக்கவா?" என்று கேட்டார் தரைத்தளத்து ஏகாம்பரம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காத பயணியைப் பார்ப்பது மாதிரியே பார்ப்பவர்.

"சும்மா ஒரு ஆசைக்கு சார்" என்றான் எபனேசர். அவன் ஏசி மெக்கானிக், மெலிந்த ஆள், பேசும்போது எதிராளியின் சட்டைப் பித்தானைப் பார்த்துப் பேசுவான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சங்கத்துச் செக்ரட்டரி தணிகாசலத்திடம் போய், "சார், இங்க பாத்ரூம் தண்ணி அடைக்காம வடியுமா?" என்று வேறு கேட்டுவைத்தான். தணிகாசலம் இதை மனைவி சுலோச்சனாம்மாவிடம் சொன்னார், சுலோச்சனாம்மா கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"வீடு பாக்க வர்றவங்க எல்லாம் தண்ணி வருமான்னு கேப்பாங்க. இவன் போகுமான்னு கேக்கிறான்."

அந்த ஒரு வாக்கியம் சாயங்காலத்துக்குள் எல்லா மாடிக்கும் ஏறி இறங்கிவிட்டது.

மொட்டைமாடித் தொட்டியின் வால்வைத் திறக்கிற சாவி தணிகாசலத்திடம்தான் இருக்கும், அதுதான் எங்கள் வழக்கம். காலையில் அவர் மேலே போய் வால்வைத் திறப்பார், வெயில் பால்கனிக்கு வருவதற்குள் மூடுவார், அந்த இடைவெளியில் அவரவர் டிரம்மில், குடத்தில், பக்கெட்டில், குக்கரில்கூடப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சாவி அவரிடம் இருந்தாலும் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது சுலோச்சனாம்மாவிடம் இருந்தது. அந்தக் கோடையில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அரை டம்ளர் தண்ணீர்தான் கொடுப்போம், வருகிறவர்களும் அரை டம்ளர்தான் எதிர்பார்ப்பார்கள், முழு டம்ளர் கொடுத்தால் என்ன காரியமாகிறது என்று யோசிப்பார்கள்.

இந்த வழக்கத்துக்குள்தான் பியூலாவின் தொட்டி வந்து உட்கார்ந்தது.

தொட்டி வழியாமல் இருக்க எபனேசர் செய்து வைத்திருந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதுதான் சுலபம், ஆனால் முன்பிருந்த வீட்டில் அப்படித் துளைக்கப்போய் ஒரு தொட்டி பிளந்துவிட்டதாம், அதனால் இந்த முறை கண்ணாடியைத் தொடாமல், தொட்டியின் விளிம்பில் ஒரு பெட்டியை மாட்டியிருந்தான், பாதிப் பெட்டி உள்ளே, பாதிப் பெட்டி வெளியே. உள்பாதியின் மேல் ஓரத்தில் சீப்பு மாதிரிப் பற்கள். தண்ணீர் அந்தப் பல் உயரத்துக்கு ஏறினால் உள்ளே வழியும், மீன் மட்டும் வராது. உள்பாதியிலிருந்து வெளிப்பாதிக்கு விளிம்புக்கு மேலே ஏறி இறங்குகிற ஒரு வளைந்த கண்ணாடிக்குழாய். பெட்ரோல் உறிஞ்சி எடுப்பதுபோல வாயால் ஒரு தரம் இழுத்துவிட்டால் தண்ணீர் தானாகவே விளிம்பைத் தாண்டி வெளியே வரும். வெளிப்பாதியிலிருந்து ஒரு குழாய் ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கிற நீல டப்புக்கு, டப்பிலிருந்து இன்னொரு குழாய் பாத்ரூம் வடிகாலுக்கு. மற்ற வீடுகளில் அந்த டப்பிலிருந்து ஒரு மோட்டார் தண்ணீரை மறுபடி தொட்டிக்கு ஏற்றும். எபனேசர் வீட்டில் ஏற்றுகிற மோட்டார் மட்டும் இல்லை, இறக்குகிற ஏற்பாடுதான் இருந்தது. கொளத்தூரில் மீன்தொட்டி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே தெரியும். ஏறுகிற வழி இல்லாத தொட்டியில் இறங்குகிற வழி எதற்கு?

அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு பலவீனம். தண்ணீர் மெதுவாக வழிந்தால், வளைந்த குழாயின் உச்சியில் காற்றுக்குமிழிகள் ஒன்றொன்றாகச் சேரும், சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் குழாய் அறுந்ததுபோல் ஆகிவிடும், அப்புறம் தண்ணீர் விளிம்பைத் தாண்டாது, தொட்டிதான் நிரம்பும். அதற்காக ஏசி வேலைக்கு வாங்குகிற மெல்லிய டியூபை உச்சியில் செருகி, ஒரு குட்டி மோட்டாரால் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்படி செய்திருந்தான். மோட்டார் ஓடினால் குழாய் ஓடும், குழாய் ஓடினால் தொட்டி வழியாது, தொட்டி வழியாத வரை அவர்களுக்கு வீடு உண்டு.

முதலில் அகப்பட்டது தொட்டியல்ல, சத்தம். கட்டிடத்தின் பின்சுவரில் எல்லா வீட்டுக் கழிவுநீருக்கும் ஒரே பைப் இறங்குகிறது. ஒருவர் வீட்டிலும் கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லாத ஒரு மத்தியானம் ஏகாம்பரம் அந்தப் பைப்பில் சாய்ந்து பீடி பற்றவைத்தபோது, உள்ளே யாரோ இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பதுபோலத் தண்ணீர் இறங்குவது கேட்டது. அவர் காதை வைத்துக் கேட்டார். அப்புறம் தணிகாசலத்தைக் கூப்பிட்டார், அவர் காதை வைத்துக் கேட்டார். அப்புறம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சுலோச்சனாம்மா வந்து கேட்டார். அதன் பிறகு காய்கறி வாங்கப் போகிறவர்கள் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் என்று அந்தப் பைப்பில் காது வைத்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

பிறகு கரண்ட் போனது, கொளத்தூர் முழுக்கப் போனது, குட்டி மோட்டார் நின்றது, குழாயின் உச்சியில் காற்று சேர்ந்தது, தொட்டி வழிந்தது. கீழ் வீட்டில், முதல் மாடியில், சுலோச்சனாம்மாவின் ஹால் கூரையில் ஈரம் ஒரு ஆட்டுக்குட்டி வடிவத்தில் தோன்றியது. எபனேசர் வந்து மன்னிப்புக் கேட்டான், பேட்டரி வைத்தான். அடுத்து ஒரு ஜிலேபி செத்துச் சீப்புப் பற்களை அடைத்துக்கொண்டது, ஆட்டுக்குட்டி மாடாக வளர்ந்தது. எபனேசர் இன்னொரு பெட்டியை மாட்டினான், ஒன்று அடைத்தாலும் மற்றது வாங்கிக்கொள்ளும் என்று. செத்த மீனுக்குப் பதிலாக இன்னொரு ஜிலேபி வாங்கி விட்டான். அப்போதுதான் கமிட்டி மாடியேறியது.

கமிட்டி என்றால் தணிகாசலம், சுலோச்சனாம்மா, ஏகாம்பரம், பின்னால் நாங்கள் எல்லாரும். தொட்டிக்குப் பின்னால் திருட்டுக் குழாய் இருக்கிறதா என்று பார்த்தோம், சுவரைத் தட்டிப் பார்த்தோம், ஸ்டாண்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். இல்லை. சுலோச்சனாம்மா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் தண்ணீர் மட்டத்துக்குச் சரியாகக் கண்ணாடியில் ஒட்டினார். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பொட்டு நனைந்தது, பொட்டின் தலை முங்கியது, பொட்டு உள்ளே போயிற்று.

"எங்க இருந்து எடுக்கிறே?" என்றார் சுலோச்சனாம்மா.

சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்த பியூலா ஊசியைச் சேலையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். நாசரேத் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். "எங்கயும் எடுக்கல அக்கா. அதுவா ஏறுது."

"அதுவா ஏறுதுன்னு எங்களுக்கும் தெரியுது. எங்க இருந்துன்னு கேக்கிறேன்."

"வேணும்னா நீங்க எல்லாரும் எடுத்துக்கிடுங்க அக்கா. கொடத்தைக் கொண்டாங்க, நான் பிடிச்சுத் தாரேன்."

இதுதான் எங்களை ரொம்பவும் பயமுறுத்தியது. கோடைக்காலத்துச் சென்னையில் கேட்காமலே தண்ணீர் தருகிறேன் என்கிற ஒருத்தியை எப்படி நம்புவது? ஏகாம்பரம் ஒரு விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "லாரித் தண்ணி இல்ல சார். இது வேற ரூட்டு" என்றார். மூன்றாவது மாடிக்காரர்கள் இது மழைத்தண்ணீர் என்றார்கள், யாருடைய மழையைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று கேட்டார்கள். மீன்நீரைக் குடிக்கவைத்து எல்லாரையும் மீன் மாதிரிப் பேசாமல் இருக்கச் செய்யப்போகிறாள் என்றார்கள். கடைசியில் ஒருவரும் குடம் கொண்டு வரவில்லை.

"தொட்டியை எடுத்துடு, பிரச்சனை முடிஞ்சுது" என்றார் தணிகாசலம்.

"தொட்டி இல்லாம எங்களால இருக்க முடியாது சார்" என்றான் எபனேசர், தணிகாசலத்தின் பித்தானைப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டு ஜிலேபிக்கு இன்னாப்பா இப்படி உருகுறே" என்றார் ஏகாம்பரம். "மீனு எதுவும் சொந்தக்காரங்களா?"

யாரோ சிரித்தார்கள், சுலோச்சனாம்மா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த வீட்டைப் பூட்டி வைப்போம் என்றார். புதுப் பொட்டு ஒட்டுவோம். ஆள் இல்லாமல் தண்ணீர் ஏறினால் அதுவாக ஏறுகிறது என்று ஒத்துக்கொண்டு கூரைக்கு என்ன வழி என்று பேசுவோம். ஏறவில்லையென்றால் இவர்கள்தான் ஏதோ செய்கிறார்கள், மறுநாளே காலி செய்யட்டும்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொட்டி ஏறாது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும், ஏன் ஏறாது என்பதும் தெரியும், அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். ஏற்கெனவே வியாசர்பாடியில் ஒரு வீடு, பெரம்பூரில் ஒரு வீடு, அயனாவரத்தில் ஒன்று, வில்லிவாக்கத்தில் ஒன்று என்று காலி செய்துவிட்டு வந்தவர்கள். இனிமேல் போவதென்றால் நாசரேத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே எபனேசருக்கு ஏசி வேலை இல்லை, பியூலாவுக்கு அம்மா வீடும் இல்லை.

பியூலா மட்டும் மெதுவாக, "அப்ப ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே பொழுது சாயத் திரும்பி வந்திருதேன்" என்றாள். சர்ச்சைத்தான் அவள் கோயில் என்பாள்.

"வெளியே போனா வேற எங்கயாவது இருந்து வேலையைப் பாத்துருவே" என்றார் சுலோச்சனாம்மா. "என் வீட்ல இரு. என் கண்ணு முன்னாடி இரு."

"சாவி ஆருகிட்ட?" என்றார் ஏகாம்பரம்.

"செக்ரட்டரிகிட்டதான்."

"அது எப்டி, அவர் வூட்டம்மா போட்ட டெஸ்ட்டுக்கு அவரே சாவியா? எங்கிட்ட குடுங்க." கமிட்டிக்காரர்களுக்குள்ளும் சந்தேகம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொட்டு ஒட்டி, வீட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏகாம்பரம் படியில் காவல் உட்கார, கழிவுநீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மற்ற எல்லாரும் உட்கார்ந்தோம், ஓட்டம் கேட்கிறதா என்று முறைவைத்துக் காது கொடுத்தோம். எபனேசருக்கு அன்றைக்கும் வேலை இருந்தது. படியிறங்கும்போது பியூலாவின் காதோரம், "குடிச்சுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுலோச்சனாம்மா ஹாலில், மாடு வடிவத்து ஈரத்துக்கு நேர் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தார். மரியாதைக்கு அரை டம்ளர் தண்ணீர் வைத்தார். எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார். பியூலா ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். சேலையை விரித்து ஃபால்ஸ் தைக்க ஆரம்பித்தாள். சுலோச்சனாம்மா நிமிர்ந்து பார்த்தபோது டம்ளரில் அரைக்கு மேல் இருந்தது. கண் மங்குகிறதோ என்று நினைத்து மறுபடி பீன்ஸைப் பார்த்தார். பியூலா எடுத்துக் குடித்தாள். வைத்தாள். மறுபடி நிமிர்ந்தபோது டம்ளர் முக்காலாக இருந்தது. பியூலா எடுத்துக் குடித்தாள்.

"என்னம்மா இவ்ளோ தாகம்?"

"வெயில் அக்கா."

சுலோச்சனாம்மா கத்தியைக் கீழே வைத்தார். பீன்ஸை மறந்தார். டம்ளரையே பார்த்தார். பார்க்கப் பார்க்கத் தண்ணீர் எட்டி எட்டி ஏறியது, விளிம்புக்கு வந்தது, விளிம்புக்கு மேலே கவிழ்த்த கிண்ணம் மாதிரிப் புடைத்து நின்றது, பியூலா குனிந்து வாயை வைத்து உறிஞ்சினாள், உறிஞ்ச உறிஞ்ச ஏறியது.

"உத்துப் பாக்காதீய அக்கா" என்றாள் பியூலா, வாயைத் துடைத்துக்கொண்டு. "உத்துப் பாத்தா வேகமா ஏறும்."

அவளால் அதற்கு மேல் குடிக்க முடியவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அங்கேயே எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்ததிலிருந்து இப்படித்தான், தனக்கு எட்டின தூரத்தில் எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறதோ அது ஏறும், ஒன்று நிறைந்தால் அடுத்தது, கோயிலில் முன்வரிசைப் பூச்சாடிகள் தான் உட்கார்ந்த பிறகு வாடியதில்லை, யாரும் கேட்டதுமில்லை, அங்கே ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள், வீட்டில்தான் தொல்லை, சந்தேகக் கண் பட்டால் வேகம் கூடும், படாவிட்டால் அடங்கும்.

"கொடம் நிறைஞ்சு வழிஞ்சா ஏன்னு கேக்காவ. பக்கெட்டு வழிஞ்சா ஏன்னு கேக்காவ. எங்க வீட்டுக்காரங்கதான் யோசிச்சு மீன்தொட்டியை வாங்குனாவ. மீன்தொட்டி நிறைய இருந்தா யாரும் ஏன்னு கேக்கமாட்டாவல்லா. மீனு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது அக்கா, அந்த வாடையே ஆகாது."

சுலோச்சனாம்மா ஜன்னலைத் திறந்து கீழே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். எல்லாரும் ஓடிவந்து டம்ளரைப் பார்த்திருப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், பியூலா மறுநாள் டாடா ஏஸில் ஏறியிருப்பாள். அவர் போய் ஜன்னலைத் திறக்கவும் திறந்தார். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் டிரம் மூடி ஒன்று தட்டென்று எழும்பி விழுந்தது. போய்ப் பார்த்தால், நேற்றுப் பாதியாக இருந்த இரண்டு டிரம்மும் கழுத்துவரை தளும்பிக்கொண்டிருந்தன.

லாரி வந்து எத்தனையோ நாளாகிறது. வால்வுச் சாவி வைத்திருக்கிற வீட்டில் டிரம் இரண்டும் நிறைந்திருக்கின்றன. கீழே ஒன்பது பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மேலே வந்தால் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று சுலோச்சனாம்மாவுக்குத் தெரியும், ஏனென்றால் அவரே இன்னொருவர் வீட்டுக்குப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார். அவர் ஜன்னலைச் சாத்தினார்.

"நிறுத்து."

"எனக்கு நிறுத்தத் தெரிஞ்சா நான் ஏன் அக்கா பொட்டி பொட்டியா மாட்டுதேன்?"

மொண்டு சிங்க்கில் ஊற்றலாம், ஆனால் ஊற்றினால் பைப்பில் சத்தம் இறங்கும், பைப்பில் காதுகள் இருந்தன. பாத்ரூமில் ஊற்றினாலும் அதே பைப். பால்கனியிலிருந்து கொட்டினால் காதுக்காரர்களின் தலையிலேயே விழும். பியூலாவை வெளியே அனுப்பலாம், ஆனால் தன் கண் முன்னாலேயே இருக்க வேண்டும் என்று சொன்னது அவரேதான், படியில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். அதனால் சுலோச்சனாம்மா ஒரு டிரம்மின் மூடியை அழுத்தி அதன் மேல் தானே ஏறி உட்கார்ந்தார். "நீ அதுல உக்காரு" என்றார். பியூலா மற்றதில் உட்கார்ந்தாள். அப்படி இரண்டு பேரும் எதிரும் புதிருமாக, முழங்காலும் முழங்காலும் இடிக்க, கோபுரத்தில் உட்கார்ந்த பொம்மைகள் மாதிரி அந்த அடுக்களையில் உட்கார்ந்திருந்தார்கள், சுலோச்சனாம்மா பயத்தில் கண்ணை எடுக்காமல் மூடியின் ஓரத்தையே பார்த்தார், பார்க்கப் பார்க்கத் தண்ணீர் சேலை வழியாக மேலே வந்தது.

"பாக்காதீய அக்கா."

"பாக்காம எப்பிடிடி இருக்கிறது?"

தண்ணீர் தரையில் இறங்கியது, ஹாலைத் தாண்டியது, நறுக்கிப் போட்ட பீன்ஸை மிதக்கவிட்டுக் கூட்டிக்கொண்டு, கதவுக்கு அடியில் புகுந்து, படியில் ஒவ்வொன்றாக இறங்கி, ஏகாம்பரத்தின் செருப்பைத் தொட்டது.

அதற்கப்புறம் எல்லாரும் மேலே வந்தோம். கதவைத் தள்ளித் திறந்து அடுக்களையைப் பார்த்தோம்.

"அடேயப்பா" என்றார் ஏகாம்பரம். "செக்ரட்ரி சார் வூட்ல மெரினாவே கீது."

தணிகாசலம் டிரம்மைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "சுலோச்சனா, இது ஏது?" என்று அவர் கேட்ட விதத்தில் அவருக்கே சந்தேகம் இருந்தது, அதை எல்லாரும் கவனித்தோம்.

"இது என் தண்ணி இல்லைங்க. அவளோடது. அவ உக்காந்தா ஏறுது. டம்ளர்ல ஏறுச்சு, என் கண்ணால பாத்தேன்."

"டம்ளர் எங்க?"

டம்ளர் ஹாலில் கவிழ்ந்து கிடந்தது, காலியாக.

ஏகாம்பரம் சாவியை எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போனார், நாங்களும் போனோம். பூட்டைத் திறந்தோம். பொட்டு ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது, தண்ணீர் பொட்டின் நடுவில் காலையில் இருந்ததுபோலவே நின்றது, இரண்டு ஜிலேபியும் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தன. போட்ட நிபந்தனைப்படி தண்ணீர் ஏறவில்லையென்றால் இவர்கள்தான் குற்றவாளிகள், மறுநாள் காலி செய்ய வேண்டும். ஆனால் அந்த நிபந்தனையை யாரும் நினைக்கவில்லை. முதல் மாடியில் டிரம் வழிந்துகொண்டிருக்கும்போது இரண்டாவது மாடியில் தண்ணீர் நின்றுவிட்டது என்றால் வேறு கணக்குத்தான் வரும்: இத்தனை நாளும் சாவி வைத்திருந்தவர்கள் உள்ளுக்குள்ளே ஏதோ ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அது கசிந்து மேல்வீட்டுத் தொட்டியில் ஏறியிருக்கிறது, பழியை வாடகைக்கு வந்தவள் மேல் போட்டிருக்கிறார்கள். அரை டம்ளர் குடித்துக் குடித்து வறண்டுபோன எங்கள் நாக்குக்கு அந்தக் கணக்கு ரொம்பவும் இனித்தது.

மறுபடி முதல் மாடிக்கு இறங்கி வந்ததும், "வால்வுச் சாவியைக் குடுங்க சார்" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் எல்லாரும் சொன்னார்கள். தணிகாசலம் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்க ஆரம்பித்தார், முடிச்சு வேர்வையில் இறுகியிருந்தது. சுலோச்சனாம்மா நனைந்த சேலையோடு சுவரோரம் நின்றார், அந்த வீட்டில் அவர் பேசாமல் நின்று நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பியூலா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வீடு அவளுக்கு நிற்கும். அது அவளுக்குத் தெரிந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, தைத்துக்கொண்டிருந்த சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். பிறகு சொன்னாள்.

"அது என் தண்ணிதான். அக்கா சொல்லுதது நெசம். நான் எங்க இருக்கேனோ அங்க ஏறும். மேல தொட்டியில ஏறாததும் அதனாலதான், நான் அங்க இல்லல்லா. நாலு வீட்ல இருந்து இதுக்காகத்தான் எங்கள எழுப்பிவிட்டாவ. நாளைக்கே நாங்க போயிருதோம்."

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் நிமிர்ந்து நின்றாள்.

"பாத்தியா" என்றார் ஏகாம்பரம், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து. "ஒரு நாள் உள்ள உக்காத்தி வச்சு, என்னா சொல்லணும்னு சொல்லிக் குடுத்துக்கிறாங்க."

"இல்ல சார், நெசமா..."

"நீ பயப்படாதம்மா. உன்னை ஆரும் காலி பண்ணச் சொல்லல. இவங்க மெரட்டிச் சொல்லச் சொன்னதெல்லாம் நீ சொல்ல வேணாம்."

மூன்றாவது மாடிக்காரி வந்து பியூலாவின் தோளில் கை வைத்தாள். பாவம், வாடகைக்கு வந்த பெண், என்ன செய்வாள், என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லத்தானே வேண்டும் என்று இரக்கப்பட்டோம். பியூலா இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், இன்னும் அதிகமாக இரக்கப்பட்டோம். டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையில் வாங்கிக் காட்டினாள், ஆனால் அதற்குள் யாரும் அவளை உற்றுப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் சுலோச்சனாம்மா மேல் இருந்தது, டம்ளரில் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது.

சாவி ஏகாம்பரத்திடம் போயிற்று. அடுத்த வாரமே அவர் வீட்டு டிரம்மின் மேல் எல்லாருக்கும் ஒரு கண் விழுந்தது, அது வேறு விஷயம். பியூலாவை மட்டும் அப்புறம் ஒருவரும் சந்தேகப்படவில்லை. யாரும் சந்தேகத்தோடு பார்க்காததால் தொட்டியும் அடங்கி, பெட்டியின் பற்களைத் தொடாமல் கீழேயே கிடந்தது, குட்டி மோட்டாரை எபனேசர் பகலில் அணைத்துவைக்க ஆரம்பித்தான், கழிவுநீர்ப் பைப்பில் காது வைத்தவர்களுக்குப் பைப் ஊமையாகத்தான் இருந்தது.

மழை வருவதற்கு முன்பு ஒரு மத்தியானம் சுலோச்சனாம்மா மாடியேறி வந்தார். ஃபால்ஸ் தைக்க என்று ஒரு சேலையைக் கையில் வைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார்.

"ஏன் சொன்னே?"

"எத அக்கா?"

"உன் தண்ணின்னு ஏன் சொன்னே? சொல்லாம இருந்தா உனக்கு வீடு. சொன்னா போகணும். அப்புறம் ஏன் சொன்னே?" பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சொன்னார்: "சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே சொன்னே?"

பியூலா அவர் கையிலிருந்த சேலையை வாங்கி, மடிப்பைப் பிரித்து, ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நம்பமாட்டாவன்னு தெரிஞ்சிருந்தா, மொத வீட்டுல, வியாசர்பாடியிலயே சொல்லியிருப்பேனே அக்கா."

சுலோச்சனாம்மா அதைக் கேட்டார். பியூலாவின் முகத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், அவள் தோளுக்கு மேலே சுவரோரம் இருந்த தொட்டியைப் பார்த்தார், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார், அவர் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் மெல்ல எழும்பிப் பெட்டியின் பற்களுக்கு வந்தது.

பியூலா சேலையை நாற்காலியில் போட்டுவிட்டுப் போய், குட்டி மோட்டாரின் சுவிட்சைப் போட்டாள்.